இரும்புக்கை முதல் ஈரோடு வரை: தமிழில் அறிவியல் புனைகதை வாசகர் கூடுகையின் வளர்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் புனைகதை வாசகர்கள் ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூடும் வழக்கம் 1930களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தோன்றியது. தமிழில் அறிவியல் புனைகதைக்குப் பெருந்திரளான வாசகர்கள் இருந்தும், அவ்விலக்கிய வகையின் பெயரால் அத்தகைய கூடுகை நிலைபெறவில்லை. அதற்கு மிக நெருங்கிய வடிவம் படக்கதை வாசகர்களிடையே, சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து, லயன் காமிக்ஸ் இதழ்களைச் சுற்றி வளர்ந்து, ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டிய வாசகர் சந்திப்பாக உருப்பெற்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் படைப்பின் தரமோ வாசகரின் எண்ணிக்கையோ அன்று, வாசகரும் வாசகரும் ஒருவரையொருவர் அறிய இதழ்கள் அளித்த வாய்ப்பே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, வாசகர் கூடுகை, படக்கதை, முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், குழூஉக்குறி, வாசிப்பு வரலாறு.

முன்னுரை

தமிழ் அறிவியல் புனைகதை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் படைப்பையும் படைப்பாளரையும் மையமாகக் கொண்டவை. சுஜாதாவின் புதினங்களில் இடம்பெறும் எதிர்காலக் கற்பனை, ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பில் மரபறிவும் அறிவியலும் சந்திக்கும் விதம் முதலியன ஆராயப்பட்டுள்ளன. இக்கதைகளைப் படித்தவர்கள் யார், படித்தபின் என்ன செய்தார்கள் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. பிற மொழிகளில் இவ்வகையின் வரலாற்றை வாசகரின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடிவதில்லை. அங்கே வாசகர்கள் கூடினர், சண்டையிட்டனர், கையெழுத்துப்படிகள் நடத்தினர், அவர்களிலிருந்தே அடுத்த தலைமுறை எழுத்தாளர்கள் வந்தனர்.

‘ரசிகர்’ என்னும் சொல் தமிழில் திரைப்படத்தோடு இறுகிவிட்டது. ‘ரசிகர் மன்றம்’ என்றவுடன் எம்.ஜி.ஆர்., சிவாஜி மன்றங்களே நினைவிற்கு வரும். மன்றம் என்பது ஒரு நாயகரை நோக்கிய அமைப்பு. ‘மாநாடு’ என்னும் சொல்லோ அரசியலுக்கும் கல்விப்புலத்திற்கும் உரியதாகிவிட்டது. ஆகவே இக்கட்டுரை ‘வாசகர் கூடுகை’ என்னும் தொடரைக் கையாள்கிறது. அக்கூடுகையை நடத்துவோர் தாமே வழங்கும் சொல் ‘வாசகர் சந்திப்பு’ என்பதாகும்.

முகவரியும் மாநாடும்

1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் நியூயார்க்கில் தொடங்கிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ அறிவியல் புனைகதைக்கெனவே வெளிவந்த முதல் ஆங்கில இதழாகக் கருதப்படுகிறது. அதன் கதைகளில் பல இன்று படிக்கத் தக்கவையல்ல. ஆயினும் அதன் கடிதப் பகுதி ஒரு புதுமையைச் செய்தது: கடிதம் எழுதிய வாசகரின் பெயருடன் முகவரியையும் அச்சிட்டது. இதழாசிரியருக்கு எழுதியவர்கள் ஒருவருக்கொருவர் நேரடியாக எழுதத் தொடங்கினர். கடிதத் தொடர்பு நகரச் சங்கங்களாகவும், சங்கங்கள் தட்டச்சுப் பிரதி இதழ்களாகவும் விரிந்தன. 1934இல் கெர்ன்ஸ்பேக் தம் மற்றோர் இதழின் வழியே ‘சயன்ஸ் ஃபிக்ஷன் லீக்’ என்னும் அமைப்பைத் தொடங்கியபோது, ஏற்கெனவே ஊர்தோறும் சிதறிக் கிடந்த வாசகர்களுக்கு ஒரு பெயர் கிடைத்தது.

1936 அக்டோபரில் நியூயார்க் வாசகர் சிலர் இரயிலேறி ஃபிலடெல்ஃபியாவிற்குச் சென்று அங்குள்ளவர்களைச் சந்தித்தனர். 1937 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிரம்மஞான சபை மண்டபத்தில் ஏறத்தாழ இருபது பேர் கூடினர். எது முதல் மாநாடு என்பதில் இரு நாட்டாரும் இன்றளவும் உடன்படவில்லை. முன்னது நண்பர்களின் வருகை, பின்னது முன்னறிவிப்போடு மண்டபத்தில் நடந்த கூட்டம் என்று கொண்டால் லீட்ஸின் உரிமையே வலுவுடையது. அங்கு வந்திருந்த இளைஞர்களுள் ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் அவர் 1956 முதல் இலங்கையில் குடியேறி வாழ்ந்தார்.

முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு 1939 ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் நடைபெற்றது. வந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். அரசியல் கருத்து வேற்றுமை காரணமாக ஆறு பேருக்கு வாயிலிலேயே அனுமதி மறுக்கப்பட்டது என்பதும் அதன் வரலாற்றில் இடம்பெறுகிறது. உலக மாநாடு ஆண்டுக்கொரு நகரத்திற்கு இடம்பெயர்ந்ததால், அதற்குச் செல்ல இயலாதவர்கள் தத்தம் வட்டாரத்தில் கூடத் தொடங்கினர். அமெரிக்க மேற்குக் கரையில் 1948இல் தொடங்கிய ‘வெஸ்டர்கான்’ அத்தகையது. ஆக, வட்டார மாநாடு என்பது பயணச் செலவு பிறப்பித்த அமைப்பு. ஜப்பானில் தாகுமி ஷிபானோ 1957இல் ‘உச்சூஜின்’ என்னும் வாசகர் இதழைத் தொடங்கினார். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1962இல், தோக்கியோவில் முதல் மாநாடு கூடியது. 1981இல் ஒசாகா மாநாட்டின் தொடக்க விழாவிற்காகச் சிறிய அசைவுப்படம் எடுத்த மாணவர்களே 1984இல் ‘கைனாக்ஸ்’ என்னும் புகழ்பெற்ற நிறுவனத்தை அமைத்தனர்.

இவ்விடங்களில் எல்லாம் வரிசை ஒன்றே: முதலில் கடிதம், அடுத்துச் சிறு இதழ், அதன்பின் கூடுகை.

காரைக்குடி, 1939

இவ்வடிவம் தமிழ்ச் சூழலுக்கு அயலானது என்று கருதுவது பொருந்தாது. நியூயார்க்கில் முதல் உலக மாநாடு நடந்ததற்கு மூன்று திங்களுக்கு முன், 1939 ஏப்ரல் 2, 3 ஆகிய நாள்களில், சா. கணேசனின் முயற்சியால் காரைக்குடியில் கம்பன் கழகத்தின் முதல் விழா ரசிகமணி டி.கே.சி. தலைமையில் நடைபெற்றது. ஒரு நூலைப் படித்தவர்கள் குறித்த நாளில் குறித்த ஊரில் ஆண்டுதோறும் கூடி, விரும்பிய பகுதிகளைச் சொல்லி மகிழ்ந்து, பாத்திரங்களின் செயல் சரியா தவறா என வழக்காடிப் பிரியும் அமைப்பு அது. விழாவின் நிறைவு நாள் கம்பர் சமாதி அமைந்துள்ள நாட்டரசன்கோட்டையில் கொண்டாடப்படுவது வழக்கம். பிற ஊர்களில் கம்பன் கழகங்கள் கிளைத்ததும், பட்டிமண்டபம் தனிக்கலையாக வளர்ந்ததும் யாவரும் அறிந்தவை. நெல்லையில் டி.கே.சி.யின் இல்லத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’ அதற்கு முன்னோடியான சிறு வட்டம். சிறு வட்டம் பெருவிழாவாதலும், பெருவிழா வட்டாரந்தோறும் கிளைத்தலும் தமிழில் முன்பே நிகழ்ந்தவை.

ஆகவே ஆராயவேண்டிய வினா தமிழர் கூடுவார்களா என்பதன்று. அறிவியல் புனைகதைக்கு ஏன் அவ்வாறு கூடவில்லை என்பதே.

உரைநடையில் கூடுகை எழாமை

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. அதன் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’. ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டியை அறியாத தமிழ் வாசகர் அக்காலத்தில் அரிது. அமெரிக்க அறிவியல் புனைகதை இதழ்கள் பலவற்றிற்கும் எட்டாத வாசகப் பரப்பைத் தமிழ் வார இதழ் ஒரே தொடரால் எட்டியது எனலாம். ஆயினும் அவ்வாசகர்கள் ஜீனோவின் பெயரால் ஒரு சங்கம் அமைத்து நிலைநிறுத்தவில்லை.

இதற்கு வார இதழின் இயல்பே முதற் காரணம். அதை வாங்குபவர் சமையற் குறிப்புக்கும், நகைச்சுவைத் துணுக்குக்கும், திரை விமரிசனத்திற்கும், தொடர்கதைக்குமாக வாங்குகிறார். அவர் அறிவியல் புனைகதை வாசகராக ஒரு வாரத்தில் சில பக்கங்களுக்கு மட்டுமே இருக்கிறார். இதழுக்கு வரும் கடிதங்கள் பெயரும் ஊரும் மட்டும் தாங்கி ஓரிரு வரிகளாகச் சுருங்கும். அவை ஆசிரியரை நோக்கியவை. சக வாசகரை நோக்கியவை அல்ல.

இரண்டாவது காரணம் சுஜாதாவின் ஆளுமை. அவர் துப்பறியும் கதை, நாடகம், திரைக்கதை, கட்டுரை, மரபிலக்கிய எளிய உரை என அனைத்தையும் எழுதியவர். ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ பகுதியில் வாசகரின் அறிவியல் ஐயங்களுக்கு விடையளித்தவர். வினா வாசகருடையது, விடை அவருடையது. இவ்வுறவை மேல்கீழ் உறவு எனக் கொள்ளலாம். கூடுகைக்கு வேண்டியது வாசகர்க்கும் வாசகர்க்கும் இடைப்பட்ட பக்க உறவு. அவருடைய வாசகர்கள் சுஜாதா வாசகர்களாக இருந்தனர், அறிவியல் புனைகதை வாசகர்களாகத் தம்மை எண்ணவில்லை. இது குறை அன்று. ஒரு மொழியில் ஒரு வகை இலக்கியம் ஒரே ஆசிரியரின் தோளில் ஏறி வரும்போது நேர்வது.

சிற்றிதழ் மரபு இவ்விடைவெளியை நிரப்பியிருக்கக் கூடும். சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959இல் தொடங்கியது முதல், தமிழ்ச் சிற்றிதழ் மேலைநாட்டு வாசகர் இதழுக்கு இணையான எல்லா இயல்புகளையும் பெற்றிருந்தது: சிறு எண்ணிக்கை, சொந்தக் காசு, கடுமையான விவாதம், எழுதுபவரே படிப்பவராக இருத்தல். அது புதுக்கவிதைக்கு ஒரு சமூகத்தையே உருவாக்கித் தந்தது. அறிவியல் புனைகதைக்கெனத் தனிச் சிற்றிதழ் மரபு மட்டும் வேரூன்றவில்லை. 2019இல் ‘அரூ’ இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தத் தொடங்கியபோதுதான் அத்திசையில் தொடர் முயற்சி ஒன்று அமைந்தது.

வங்கத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். கொல்கத்தாவில் 1963இல் அத்ரீஷ் பர்தன் ‘ஆஷ்சர்ஜ’ என்னும் அறிவியல் புனைகதை இதழைத் தொடங்கினார். மூன்றாண்டுகளில், 1966இல், சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்ட அறிவியல் புனைகதைத் திரைப்படக் கழகம் அங்கு உருவாயிற்று. மராத்தியில் மராத்தி விஞ்ஞான் பரிஷத் நடத்திய கதைப் போட்டிக்கு, வானியலறிஞர் ஜயந்த் நார்லிகர் 1974இல் புனைபெயரில் கதை அனுப்பிப் பரிசு பெற்றார். இதழோ அமைப்போ முன்வந்த இடத்தில் வாசகர் திரண்டனர். தமிழில் படைப்பு முன்வந்தது, அமைப்பு பின்தங்கியது.

வேலூரும் ஆங்கிலமும்

தமிழ்நாட்டில் அமைப்பே இல்லை என்று கூறிவிட முடியாது. இந்திய அறிவியல் புனைகதை ஆய்வுச் சங்கம் 1998 ஜனவரி 2 அன்று வேலூரில், கே.எஸ். புருஷோத்தமன் முயற்சியால் தொடங்கப்பெற்றது. கல்லூரிகளின் துணையோடு மாநாடுகளை நடத்தி, ஆய்வேடுகளுக்கு இடமளித்து, இந்தியாவில் இத்துறைக்குக் கல்விப்புல மதிப்பை ஈட்டித் தந்ததில் அதன் பங்கு பெரிது. எனினும் அது ஆங்கிலத் துறைகளைச் சார்ந்து எழுந்தது. ஆங்கிலமே அதன் முதன்மை மொழி. கட்டுரை வாசித்தலே அங்கு வருகைக்குரிய வாயில். வேலூர்ப் பேருந்து நிலையத்தில் ஜீனோ படித்துக்கொண்டிருந்தவருக்கு அவ்வாயில் திறந்திருக்கவில்லை. மறுபுறம், தமிழ்த்துறைகள் அவ்வாயிலைத் தட்டிப் பார்த்ததாகவும் தெரியவில்லை. இரு துறைகளுக்கும் இடையே நழுவிய பொருள் இது.

மாயாவி வந்த வழி

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. அதன் நிறுவனர் மு. சௌந்தரபாண்டியன், தொடக்க கால ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர் முல்லை தங்கராசன். முதற் கதை ‘இரும்புக்கை மாயாவி’.

மூலக்கதை பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கியது. ஆய்வக உதவியாளரான லூயிஸ் கிராண்டேல் விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறார். உயரழுத்த மின்சாரம் பாயும்போது அவர் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் புலப்படுகிறது. படங்களை வரைந்தவர் எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. தொடக்கக் கதைகளை எழுதியவர் கென் பல்மர்.

இந்தப் பல்மர் யார் என்பது இக்கட்டுரையின் பொருளுக்கு இன்றியமையாதது. அவர் எழுத்தாளராகும் முன்பே இலண்டன் அறிவியல் புனைகதை வாசகர் வட்டத்தின் முனைப்பான உறுப்பினர். பிரிட்டிஷ், அமெரிக்க வாசகர்கள் நிதி திரட்டி ஒருவரைக் கடல் கடந்து மாநாட்டிற்கு அனுப்பும் ‘அட்லாண்டிக் கடந்த வாசகர் நிதி’ வழியாக, 1955இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்த உலக மாநாட்டிற்குத் தேர்ந்தெடுத்து அனுப்பப்பட்டவர் அவரே. லயன் காமிக்ஸில் பின்னர் வந்த ஸ்பைடரின் கதைகளில் பெரும்பகுதியை எழுதியவரோ சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல். அவர் கிளீவ்லாந்தில் பள்ளி மாணவராக இருந்தபோது, 1932இல், ‘சயன்ஸ் ஃபிக்ஷன்’ என்ற பெயரில் கையச்சு இதழ் நடத்தியவர். தமிழ்ச் சிறுவர் 1970களிலும் 1980களிலும் படித்த இரு நாயகர்களும் மேலைநாட்டு வாசகர் இயக்கத்தின் உள்ளிருந்து வந்தவர்களின் கைவண்ணம். மாநாட்டுக்கு வழிவகுத்த கதைமரபு, அதன் பெயரோ வரலாறோ கூறப்படாமலே, சிவகாசி அச்சகத்தின் வழி தமிழுக்கு வந்து சேர்ந்தது.

பெயர் மறைந்த விதமும் கருதத்தக்கது. மூலத்தின் தலைப்பு எஃகு நகத்தைச் சுட்டுவது. தமிழாக்கம் நகத்தைக் கையாக்கியது. அத்துடன் ‘மாயாவி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தது. மாயாவி என்பது புராணத்திலும் நாட்டார் கதையிலும் பழகிய சொல். மின்சாரத்தால் மறைபவரும் மந்திரத்தால் மறைபவரும் அச்சொல்லில் ஒன்றாயினர். இதனை அறிவியல் நோக்கின் இழப்பு எனக் கொள்வாரும் உளர். கதைக்குள் மின்கம்பி, ஆய்வகம், மின்னழுத்தம் ஆகியவை அப்படியே இருந்தமையால், இழப்பைவிடப் பெற்றது மிகுதி என்றே தோன்றுகிறது. பத்து வயதுச் சிறுவர் மாயாவி என நம்பி வாங்கி, மின்சாரத்தைப் பற்றிப் படித்தனர். ஆனால் ‘அறிவியல் புனைகதை’ என்னும் அடையாளம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. இன்றும் அவர்கள் தம்மைக் ‘காமிக்ஸ் வாசகர்’ என்றே கூறிக்கொள்கின்றனர்.

1984: இரு தொடக்கங்கள்

1984 ஜூலையில் இரு தமிழ்ப் படக்கதை இதழ்கள் தொடங்கின. ஒன்று, சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பதின்பருவத்தில் ஆசிரியராகி வெளியிட்ட லயன் காமிக்ஸ். மற்றொன்று தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ். பின்னதற்கு நாளிதழ் நிறுவனத்தின் விற்பனை வலை இருந்தது. சிற்றூர்க் கடைகளிலும் அது குறித்த நாளில் தொங்கியது. 500 இதழ்கள் வந்தபின் 2005இல் நின்றது. லயனோ சிறிய நிறுவனத்தின் இதழ், காலந்தவறியும் வந்தது.

எனினும் கூடுகை எழுந்தது லயனைச் சுற்றித்தான். இவ்வொப்பீடு ஆய்வாளர்க்குக் கிடைத்த அரிய வாய்ப்பு: ஒரே மொழி, ஒரே திங்கள், ஒரே வகை இதழ், வேறுபட்ட விளைவு. ராணி காமிக்ஸில் ஆசிரியர் குரல் பெரிதும் பின்னணியில் நின்றது. லயனிலும் முத்துவிலும் ‘ஹாட்லைன்’, ‘காமிக்ஸ் டைம்’ முதலிய பகுதிகளில் ஆசிரியர் ஏன் இக்கதை, ஏன் தாமதம், காகித விலை என்ன, அடுத்து எது என்று வாசகரோடு வழக்காடினார். ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்னும் தொடரில் இதழின் பிறப்புக் கதையையே எழுதினார். வெளியீட்டின் உட்புறம் வாசகர் காணத் திறந்து வைக்கப்பட்டது. காலந்தவறிய இதழும் ஒருவகையில் உதவிற்று எனலாம்: வராத இதழைத் தேடுபவர் அதே இதழைத் தேடும் மற்றொருவரைக் கடைவாயிலில் சந்திக்கிறார். சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோகும் வரையிலும், அதன் பின்னர் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளிலும், இத்தேடலே முதல் அறிமுகங்களுக்குக் களமாயிற்று. கெர்ன்ஸ்பேக்கின் இதழில் அச்சிட்ட முகவரி செய்த பணியைத் தமிழ்நாட்டில் பழைய புத்தகக் கடை செய்தது.

2000களில் இதழ்களின் வருகை மிகவும் அருகியது. 2012 ஜனவரியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ வெளியானபோது வணிக முறையே மாறியிருந்தது. பெட்டிக்கடை விற்பனையின் இடத்தை ஆண்டுச் சந்தாவும் புத்தகக் காட்சி அரங்கும் பெற்றன. விலை உயர்ந்தது, எண்ணிக்கை குறைந்தது, தாளும் வண்ணமும் சிறந்தன. இம்மாற்றத்தின் விளைவு பொருளாதாரத்தோடு நிற்கவில்லை. கடைக்காரரிடம் வாங்கியபோது பெயரறியாக் கூட்டமாக இருந்த வாசகர், சந்தா கட்டியவுடன் பெயரும் முகவரியும் உடையவரானார். புத்தகக் காட்சி அரங்கோ அவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்க்கும் இடமாயிற்று.

ஈரோடு

மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டு மாதத்தில் நிகழ்வது. 2012இல் இதழ்கள் மீண்டெழுந்த பின்னர், அத்திருவிழாவையொட்டிப் படக்கதை வாசகர்கள் கூடுவது வழக்கமாயிற்று. வெளியீட்டாளர் சிவகாசியில், பெரும் புத்தகச் சந்தை சென்னையில். கூடுகை மட்டும் ஈரோட்டில் நிலைத்தது. ஈரோடு இரயில் சந்திப்பு; சேலம், கோவை, திருப்பூர், கரூர் ஆகியன சில மணி நேரத் தொலைவில் உள்ளன. சென்னையிலிருந்து வருபவர்க்கும் தெற்கிலிருந்து வருபவர்க்கும் ஏறத்தாழ நடுவழி. பயணச் செலவே வட்டார மாநாட்டைப் பிறப்பித்தது என மேலே கூறியது இங்கும் பொருந்துகிறது.

கூடுகையின் நிகழ்முறை எளியது. புதிய சிறப்பிதழ் வெளியாகும், ஆசிரியர் பேசுவார், வாசகர்கள் கேள்வி கேட்பார்கள். வரும் ஆண்டின் அட்டவணையில் எந்த நாயகர் இருக்க வேண்டும், எவர் ஓய்வு பெற வேண்டும் என்பதே பெரும் விவாதம். மேலைநாட்டு மாநாடுகளில் காணும் வேடப்போட்டி, விருது வாக்கெடுப்பு, ஆய்வரங்கு முதலியன இங்கு முதன்மை பெறவில்லை. ஆயினும் அங்கில்லாத ஒன்று இங்குண்டு: வெளியீட்டுத் திட்டத்தின்மீது வாசகர்க்கு உள்ள நேரடிச் செல்வாக்கு. ‘இரத்தப் படலம்’ என்னும் நெடுந்தொடரின் வண்ணப் பதிப்பு 2018இல் தொகுதிகளாக வந்ததற்கு வாசகரின் இடைவிடாத வலியுறுத்தலும் முன்பதிவுமே அடிப்படை. சந்தாதாரர் சில ஆயிரம் என்ற அளவிற்குள் அமையும் வெளியீட்டில், ஒவ்வொரு குரலும் கணக்கில் வருகிறது.

இக்கூடுகையை அறிவியல் புனைகதை மாநாடு எனக் கூறலாமா என்னும் தடை இங்கு எழும். இன்று அங்கு மிகுந்த வரவேற்புடைய நாயகர் டெக்ஸ் வில்லர்; அவர் அமெரிக்க மேற்கின் குதிரைவீரர். லார்கோ வின்ச் வணிகப் பேரரசின் வாரிசு. ஆயின் தோர்கலின் கதை வைக்கிங்குகளின் காலத்தில் நடப்பினும், அவன் விண்ணிலிருந்து வந்தோரின் மகன். ஆர்ச்சி ஓர் இயந்திர மனிதன். மாயாவியைக் கூறவே வேண்டா. வகைத் தூய்மையை அளவுகோலாகக் கொண்டால் அமெரிக்க மாநாடுகளும் தேறமாட்டா. அங்கும் மாயக்கதை, திகில், படக்கதை அனைத்தும் கலந்தே உள்ளன. கூடியவர்களை முதன்முதலில் வாசகராக்கிய கதை எது என்பதை அளவுகோலாகக் கொண்டால், ஈரோட்டின் வேர் அறிவியல் புனைகதையில்தான் உள்ளது. ஒரு குறையையும் கூறவேண்டும்: கூடுவோரில் பெரும்பாலோர் நடுவயதைக் கடந்த ஆண்கள். இளையோரும் பெண்களும் போதிய அளவில் வந்து சேரவில்லை என்பது அவ்வாசகர்கள் தாமே பேசும் கவலை.

குழூஉக்குறி

நன்னூலார் தகுதி வழக்கின் ஒரு கூறாகக் கொண்ட குழூஉக்குறி, ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லைக் குறிக்கும். பொற்கொல்லரும் யானைப்பாகரும் உரையாசிரியர்கள் காட்டும் சான்றுகள். ஒரு வாசகர் திரள் சமூகமாயிற்றா என்பதற்கு அதன் குழூஉக்குறியைவிடச் சிறந்த சான்று இல்லை. மேலைநாட்டு வாசகர் இயக்கத்திலும் அதற்கேயுரிய கலைச்சொற்கள் அகராதி அளவிற்குப் பெருகின.

தமிழ்ப் படக்கதை வாசகரிடையே ‘மும்மூர்த்திகள்’ என்றால் அரி அயன் அரன் அல்லர். மாயாவி, லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ ஆகியோர். லாரன்சும் டேவிட்டும் இருவராயினும் ஒருவராகவே எண்ணப்படுவர். ஆர்ச்சி ‘சட்டித் தலையன்’; ஸ்பைடர் ‘கூர்மண்டையன்’; டெக்ஸ் வில்லர் ‘தல’. பக்கம் மிகுந்த சிறப்பிதழ் ‘குண்டு புக்’. ‘மறுபதிப்பு’ என்னும் பொதுச்சொல் இவர்களிடையே ஒரு கட்சிப் பெயரின் வலிமையைப் பெற்றது: மும்மூர்த்திகளின் பழைய கதைகளை மீண்டும் வேண்டுவோர் ஒருபுறம், புதிய ஐரோப்பியப் படைப்புகளை வேண்டுவோர் மறுபுறம்.

இச்சொற்களின் ஆக்கத்தில் இரு போக்குகள் உள்ளன. ஒன்று சமய மரபையும் திரைமரபையும் எடுத்தாள்வது (மும்மூர்த்திகள், தல). மற்றொன்று நாயகரின் உருவத்தைக் கேலி செய்து உரிமை பாராட்டுவது (சட்டித் தலையன், கூர்மண்டையன்). பின்னது திரை ரசிகர் மன்றத்தில் தம் நாயகரைப் பற்றி எண்ணிப் பார்க்கவும் இயலாதது. நாயகரைக் கேலி செய்ய முடிகின்ற கூட்டம், அவரை வழிபடும் கூட்டத்தினின்று வேறானது. மன்றத்திற்கும் வாசகர் கூடுகைக்கும் உள்ள வேறுபாடு இச்சொற்களில்தான் துலங்குகிறது.

சேகரிப்பும் சேரப்பணஞ்சேரியும்

நூல் ஒப்படைப்புச் சட்டம் 1954இல் இயற்றப்பெற்றது. சென்னைக் கன்னிமாரா நூலகம் அதன்வழி நூல் பெறும் நூலகங்களுள் ஒன்று. இருப்பினும் மலிவுத்தாளில் அச்சாகி, பள்ளிப்பையில் மடங்கிக் கிழிந்த படக்கதைகளை முழு வரிசையாகக் காண விரும்பும் ஆய்வாளர் தனியார் சேகரிப்புகளையே நாட வேண்டியுள்ளது. கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனியொருவரின் சேகரிப்பே பின்னர் ஆய்வு நூலகமாயிற்று என்பதைத் தமிழாய்வுலகம் மறக்கவில்லை. 1970களின் முத்து இதழ்களைப் பொறுத்தவரை அத்தகைய சேகரிப்பாளர்கள் ஈரோட்டில் ஆண்டுக்கொருமுறை ஒரே இடத்தில் இருக்கின்றனர். எந்த இதழ் எவரிடம் உள்ளது, எந்தப் பதிப்பில் எந்தப் பக்கம் விடுபட்டது, எந்தக் கதை பெயர் மாறி மீண்டும் வந்தது என்பன அவர்தம் வாய்மொழியில் உள்ளன. தமிழ்த்துறைகள் ஒரு பதிவுக்கருவியோடும் பட்டியல் ஏட்டோடும் அங்கு செல்வது பெரும் பொருட்செலவை வேண்டுவதன்று.

மற்றொரு கள ஆய்வும் காத்திருக்கிறது. 2022 முதல் தமிழக அரசின் முயற்சியால் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. ஈரோட்டில் கூடுகைக்குக் களமான அமைப்பு இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்திற்கும் வந்துள்ளது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில், சேரப்பணஞ்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களில், கார் உடற்பகுதிகளைப் பற்றவைக்கும் இயந்திரக் கைகளோடு முறைப்பணி செய்யும் இளைஞர்கள் தங்கியுள்ளனர். 1972இல் மாயாவியின் உடைமையாக இருந்த இரும்புக் கை அவர்களுக்கு அன்றாடப் பணிக்கருவி. அவர்கள் என்ன படிக்கிறார்கள், படித்ததை எவரோடு பகிர்கிறார்கள், அவர்களை ஒருவர்க்கொருவர் அறிமுகப்படுத்தும் இதழோ கடையோ அரங்கோ அப்பகுதியில் உண்டா என்பன கேட்கப்படாத வினாக்கள்.

இவ்விரண்டில் முதலாவதற்கே காலம் குறைவு. மாயாவியின் முதல் இதழைப் பத்து வயதில் வாங்கியவர் இன்று அறுபதைக் கடந்தவர்.